முகம் கேட்க வந்தவர்கள்

நெதானியின் முகத்தில் யார் முதலில் மூக்கை வைப்பது என்ற சண்டை, கண்டாவுத் தீவில் கப்பல் ஏறும்போது தொடங்கியது. தலைநகர் சுவாவின் துறைமுகத்தில் இறங்கி லாரியில் ஏறிய பிறகும் அது ஓயவில்லை. சுருட்டிய பாய்களின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாகெரெதா, செத்தவனின் அக்கா என்ற உரிமையில் தொண்டையைத் திறந்தாள். "ரத்தம் முதல்ல. படுக்கையெல்லாம் அப்புறந்தான். ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாரு."

"அவர் உயிரோட இருந்தப்ப அந்தக் கன்னத்துல அறை விட்டே பழகுனவங்க மைனி நீங்க," என்றாள் செத்தவனின் மனைவி தோரிகா. "அறைஞ்ச எடத்துல இன்னைக்கு மூக்க வைக்கணுமாக்கும்?"

லாரியே சிரித்தது. மாகெரெதாவும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கறுப்புத் துணி உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, சாவு வீட்டுக்குப் போகிற கோலத்தில்தான் அத்தனை பெண்களும் வந்திருந்தார்கள். போகிற இடமோ புத்தம் புது தேசிய ராணுவ அருங்காட்சியகம். வாசலில் தோரணம் கட்டி, வாத்தியக் குழு நிறுத்தி, அமைச்சர் வந்து திறக்கப் போகிற கட்டடம். அங்கே இவர்கள் என்ன நினைப்போடு வருகிறார்கள் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

இவர்கள் ஊரான நாவூனியில் ஒருவர் செத்தால் முகர்ந்துதான் வழியனுப்புவார்கள். குனிந்து, கன்னத்தில் மூக்கை வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, அந்த ஆளின் வாசனையைக் கடைசியாக ஒரு தரம் வாங்கிக்கொள்ள வேண்டும். பாய், முறைப்படி கைமாற்றுகிற திமிங்கிலப் பல், விருந்து, ஒப்பாரி எல்லாம் அதைச் சுற்றித்தான். நெதானிக்கு அது நடக்கவில்லை. லெபனானில் ஒரு சோதனைச் சாவடியில் ஐ.நா. படைக்காகக் காவல் நின்றபோது குண்டு விழுந்து செத்தான். பெட்டி வந்தது, மூடியைத் திறக்க முடியாதபடி அடைத்திருந்தார்கள். திறக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மாகெரெதா கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பெட்டிமேல் பாய்ந்ததையும், சிப்பாய்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் உட்கார வைத்ததையும் ஊர் இன்றுவரை பேசுகிறது. தோரிகா அப்போது பிள்ளைத்தாச்சி. வயிற்றைச் சாய்த்துக் குனிந்து, கணவனுக்குப் பதில் பலகையை முகர்ந்தாள். போதும் எழுந்திரு என்றார்கள். அவளும் எழுந்துவிட்டாள். ஆனால் அது போதவில்லை. அன்றைக்கும் போதவில்லை, அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் போதவில்லை.

அதனால்தான் அருங்காட்சியகத்திலிருந்து வாசிதி என்கிற பெண் தொலைபேசியில் பேசியபோது தோரிகா சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு போருக்கும் ஒரு கூடம், கூடத்துக்கு ஓர் ஆளுயர உருவம், லெபனான் கூடத்தில் உங்கள் கணவர் நிற்கப் போகிறார், முகம் அச்சு அசல் அப்படியே இருக்கும், திரையை நீங்கள்தான் விலக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். தோரிகா ஊர்ச்சபையில் போய்ச் சொன்னாள். யங்கோனா வேர்ப்பானக் கிண்ணம் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஊரின் பேச்சாளர் கிழவர் தொமாசி தன் முறைக்கு வந்த கிண்ணத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "முகம் பாக்காமப் பொதைச்சோம். இன்னைக்கு முகம் வருதுன்னா நாம சும்மா இருக்க முடியாது. அவன வச்சிருக்குற வீட்டுக்குத் துக்கம் கேட்டுப் போவோம். பல்லக் கொடுத்து முகத்தக் கேப்போம்."

பொம்மைக்குத் துக்கம் கேட்பதா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். நாவூனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் இருந்த நல்ல திமிங்கிலப் பல்லை எடுத்து எண்ணெய் தடவினார்கள். பெண்கள் பாய் பின்னினார்கள். மெதடிஸ்ட் சபைப் பாட்டுக்குழுவில் தோரிகா முன்வரிசை; இந்த மாதிரிப் பழைய வழக்கத்தையெல்லாம் நம்புவதில்லை என்று போதகரிடம் சொல்லுவாள். போதகரும் நம்புவதில்லை என்றுதான் சொல்லுவார். பாய் கட்டுகளைக் கப்பலில் ஏற்றக் கைகொடுத்தவரும் அவரேதான்.

மகன் எரோனிக்கு மட்டும் துக்கம் கேட்கிற இந்த ஏற்பாட்டைச் சொல்லவில்லை. அவன் அப்பன் செத்த பிறகு பிறந்தவன். வேண்டாம் என்று அவள் கதறக் கதறப் பட்டாளத்தில் சேர்ந்து, இப்போது கோலான் குன்றுகளில் அப்பன் போட்ட அதே ஐ.நா. நீலத் தொப்பியோடு நிற்கிறான். குண்டு விழுகிற ஊராகப் பார்த்துத்தான் இவர்கள் குடும்பத்துக்கு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போன வாரம் பேசியபோது அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "கண்டிப்பாப் போம்மா. பாத்ததும் எனக்குப் போன் பண்ணு. இங்க ராத்திரியா இருந்தாலும் முழிச்சிருப்பேன்." என்னடா அப்படி என்று கேட்டதற்குச் சிரித்தான்.

அருங்காட்சியக வாசலில் லாரி நின்றதும் முதலில் கேட்டது சகியூசாவின் குரல். "வந்துட்டாளுகய்யா நாவூனி மீன்திருடிங்க! அந்தப் பாயெல்லாம் எந்த ஊர்ல சுட்டது?"

சகியூசா நெதானியோடு லெபனானில் இருந்தவன். மார்பு நிறையப் பதக்கம், ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். அவன் ஊரான வைதுபுவும் நாவூனியும் தௌவூ முறை. ஆதியில் ஒரே தெய்வத்துக்குப் பிறந்தவர்கள் என்பது பேச்சு. தௌவூ வீட்டில் புகுந்து பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம், பெரியவர்களை வாய்க்கு வந்தபடி ஏசலாம், சாவு வீட்டில்கூடக் கூத்தடிக்கலாம். பதிலுக்கு ஏசலாமே தவிரக் கோபிக்கக் கூடாது, கோபித்தவனுக்குத்தான் அவமானம். அவன் பேசிக்கொண்டே ஒரு பாயை உருவப் பார்க்க, மாகெரெதா அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "செத்தும் சாகாத கெழட்டுப் பன்னி! உனக்குப் பதிலா என் தம்பிய எடுத்துட்டானே அந்த ஆண்டவன்!"

"உங்க ஊர்க்காரன் சமையலத் தின்னவன் நானு. குண்டு என்னை என்ன பண்ணும்?" என்றான் சகியூசா. பிறகு தோரிகாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நானும் இன்னும் பாக்கல. காலையில இருந்து துணி போட்டு மூடியே வச்சிருக்கானுங்க."

வாசிதி ஓடி வந்தாள். பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் கண்டு அவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஒரு கிராமமே பரிசு கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். நகரத்தில் வளர்ந்த பெண். கறுப்பு உடையையாவது கவனித்திருக்கலாம். யாராவது முறைப்படி எதையாவது கொடுத்தால் முறைப்படி வாங்கிக்கொள்ள ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அவர் பாயில் சம்மணமிட்டுத் தயாராக இருந்தார். அமைச்சர் பேசினார். தியாகம் என்றார், தேசம் என்றார், வருங்காலத் தலைமுறை என்றார். தோரிகாவின் காதில் எதுவும் ஏறவில்லை. வெள்ளைத் துணிக்குள் நிற்கும் உருவத்தின் உயரத்தையே அவள் அளந்துகொண்டிருந்தாள். உயரம் சரியாகத்தான் இருந்தது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள்.

முதலில் தெரிந்தது கை. வண்டியை நிறுத்துவதற்காக உள்ளங்கை விரித்து உயர்ந்த கை. அப்புறம் பழைய சீருடை, மணல் மூட்டை, நீலத் தொப்பி. தொப்பிக்குக் கீழே இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு அது. ஏழெட்டு வயதில். மஞ்சளை அரைத்து அப்பியது இவள் கைதான். அந்த இடத்தில் அதற்குப் பிறகு முடி முளைக்கவேயில்லை. நெதானிக்குப் புருவத்தில் ஒரு கீறலும் கிடையாது. அங்கே நின்றது எரோனி. கன்னம் எரோனி, கீழுதடு எரோனி, காதுமடல் ஒட்டிக்கொண்டிருக்கும் விதம்கூட எரோனி. செத்துப்போனவனின் பேரைப் பொறித்த பலகைக்கு மேலே, செத்துப்போனவனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவள் பெற்ற பிள்ளை கண் திறந்து நின்றான்.

தோரிகா கயிற்றை விடாமல் அப்படியே சரிந்தாள். பெண்கள் அவளைத் தாங்கிப் பாயில் உட்கார வைத்தார்கள். புருஷனைப் பார்த்தவள் விழத்தானே செய்வாள் என்று யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் மாகெரெதா தொண்டையை விட்டாள். "என் தம்பியே! என் ராசாவே! இந்த முகத்தையாடா என்கிட்ட இருந்து பூட்டி வச்சானுங்க!" ஒரு குரல் எழும்பினால் போதும், கூடம் முழுவதும் பற்றிக்கொண்டது. வாத்தியக் குழுவில் சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன்கூடக் கண்ணைத் துடைத்தான்.

"மைனி!" தோரிகா அவள் துணியைப் பிடித்து இழுத்தாள். "மைனி, இது அவர் இல்ல. இது எரோனி!"

"ஆமாடி, எரோனியேதான்!" மாகெரெதா அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். "அப்பனை உரிச்சுல்ல வச்சிருக்கான் மகன்! நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

முப்பது வருஷமாக ஊரே சொன்ன பேச்சு. அப்பன் மாதிரியே மகன், அப்பன் மாதிரியே மகன். அந்தப் பேச்சே இன்றைக்கு ஊரின் கண்ணைக் கட்டிவிட்டது. "என் பிள்ளை! இது என் பிள்ளை!" என்று தோரிகா கத்தினாள். ஒப்பாரியில் பெண்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்! பக்கத்திலிருந்தவள் ஆதரவாக முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

தொமாசி திமிங்கிலப் பல்லை இரு கையிலும் ஏந்தி முழங்காலிட்டார். அழுகை சட்டென்று விசும்பலாக அடங்கியது. பேச்சாளர் வாய் திறந்தால் யாரும் எழக் கூடாது, யாரும் குறுக்கே பேசக் கூடாது. சூலு வேட்டி உடுத்தியிருந்த அமைச்சரே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வீட்டாரே," என்று ஆரம்பித்தார் கிழவர். "எங்க மகன் ஒருத்தன் உங்ககிட்ட வந்து அடங்கியிருக்கான். அவனுக்காகத் துக்கம் கொண்டு வந்திருக்கோம். இந்தப் பல்ல வாங்கிக்குங்க. மண்ணுக்குப் போன முகத்த எங்களுக்குத் தாங்க..."

மண்ணுக்குப் போன முகம். தோரிகா உருவத்தின் திறந்த கண்களைப் பார்த்தாள். எதிரே இருக்கிற சார்ஜென்ட் இரு கையையும் நீட்டி அந்தப் பல்லை வாங்கி, பதில் வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. எந்த முகத்துக்கு முன்னால் துக்கப் பல் கைமாறியதோ அந்த முகம் செத்த முகம். கொடுத்தவர்கள் திரும்பக் கேட்க முடியாது. தொமாசியே நினைத்தாலும் நடுவில் நிறுத்த முடியாது. அவளுக்கு இந்த நம்பிக்கை கிடையாதுதான். ஆனால் அவள் பிள்ளை அந்த நேரத்தில் துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு குன்றின்மேல் இருந்தான். அப்படியிருக்கும்போது எந்தத் தாய் எதைத்தான் நம்பாமல் இருப்பாள்? போதகர் வந்து சொல்லட்டுமே பார்க்கலாம்.

கத்தியும் பயனில்லை, அழுதும் பயனில்லை. ஏறக்குறைய ஒரு மரக்கட்டையைப் போலத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் கூடத்தைச் சுற்றி ஓடியது. பழைய சிப்பாய்களின் நாற்காலி வரிசையில் சகியூசா, வாயைக் கோணி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான். இந்தக் கூடத்தில் இப்போது எழுந்திருக்கக் கூடியவன், எழுந்தாலும் குற்றமாகாதவன், அவன் ஒருவன்தான். அது அவளுக்கு உறைத்த கணத்தில், தன் வாழ்நாளில் எந்தச் சடங்கிலும் குரல் உயர்த்தாத தோரிகா எழுந்து நின்றாள்.

"டேய் தௌவூ! வைதுபு நாயே! உன் ஊர்ல திருடவே தெரியாதாடா?"

கூடம் விக்கித்துப்போனது. தொமாசியின் பேச்சு பாதியில் தொங்கியது. ஆனாலும் சார்ஜென்டின் கைகள் நீண்டுகொண்டேதான் இருந்தன.

"அந்தப் புருவத்தப் பாருடா! அது எரோனி! என் பிள்ளைக்குக் கேக்குறாங்கடா துக்கம்! பல்லத் திருடு!"

சகியூசா உருவத்தைப் பார்த்தான். லெபனானில் நெதானியோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன், எரோனியைத் தோளில் தூக்கித் திரிந்தவன். அவனுக்கு இரண்டு முகமும் தெரியும். அவன் முகம் வெளிறியதைத் தோரிகா கண்டாள். அடுத்த நொடி நாற்காலி கவிழ்ந்தது. இழுக்கிற காலை இழுத்துக்கொண்டு, அமைச்சரின் தோளைப் பிடித்துத் தாண்டி, இரண்டு கிழவர்களின் கைகளுக்கு நடுவிலிருந்து பல்லைப் பறித்தான்.

"வாயில ஒத்தப் பல்லு இல்லாத கெழவனுக்குக் கையில பல்லு எதுக்குடா?" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினான்.

ஓர் அதிகாரி அவனைப் பிடிக்கப் பாய்ந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். அழுத கண்ணோடு கூடமே சிரித்தது. தொமாசி வெறுங்கையை ஏந்தியபடி, கோபப்படவும் முடியாமல், பொக்கை வாயைத் திறந்துகொண்டு இருந்தார். சுருட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு மாகெரெதா சகியூசாவைத் துரத்தப் போனவள், தோரிகாவின் முகத்தைப் பார்த்து நின்றாள். சிரிக்காத முகம் அது ஒன்றுதான்.

"என்னடி? நெசமாவா சொன்ன?"

வாசிதிதான் பதில் சொன்னாள், அழுதபடி. நெதானிக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதிலும் முகம் மங்கல். சிற்பி கையை விரித்துவிட்டார். எரோனிதான் முன்வந்தான், எல்லாரும் அப்பா மாதிரியே இருக்கேன்னு சொல்லுவாங்க, என் முகத்தை எடுத்துக்குங்க என்றான். கோலானுக்குப் புறப்படும் முன் வந்து முகத்தில் அச்சு எடுக்கக் கொடுத்தான். "அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கினார்," என்றாள் தோரிகாவைப் பார்த்து. "நீங்க பாக்கும்போது சந்தோஷப்படணும்னு..." சிற்பி நேர்மையான ஆள். தழும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

மாகெரெதாவின் கையிலிருந்த பாய் நழுவிக் கீழே விழுந்து தானாக விரிந்தது. அவள் உருவத்தின் புருவத்தை அண்ணாந்து பார்த்தாள். "உசுரோட இருக்குறவனுக்கா நான் ஒப்பாரி வச்சேன்?" என்று யாரையோ கேட்டாள். பிறகு தன் வாயிலேயே படார் படாரென்று அடித்துக்கொண்டாள். பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை இப்போது.

இரண்டு சிப்பாய்கள் வெள்ளைத் துணியை எடுத்து வந்து உருவத்தை மூடப் போனார்கள்.

"மூடாதீங்க!" தோரிகா அலறினாள். "செத்தவனத்தான்டா மூடுவாங்க!"

துணி அவர்கள் கையிலேயே நின்றது. தோரிகா பையைத் துழாவித் தொலைபேசியை எடுத்தாள். இரண்டு தரம் தப்பாக அழுத்தியதும் வாசிதிதான் எண்ணைத் தட்டிக் கொடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். முழிச்சிருப்பேன் என்றானே. தோரிகாவுக்கு ஜெபம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பாட்டுக்குழுவில் முன்வரிசை என்று பெயர். நாவூனிப் பெண்கள் அத்தனை பேரும் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா!"

அவளுக்கு மூச்சு வந்தது.

"அம்மா, பாத்தியா? அப்பாவப் பாத்தியா?" குரலில் அதே துள்ளல். பின்னணியில் காற்று இரைந்தது. "மூஞ்சி முழுக்க மாவ அப்பி, மூக்குல குழாய வச்சு, அரை மணி நேரம் பொணம் மாதிரி கெடந்தேன்மா உனக்காக. அசையக் கூடாதுன்னுட்டான் அந்த ஆளு. எப்படி இருந்துச்சு? அப்பா மாதிரி இருந்தேனா?"

தோரிகா வாயைத் திறந்தாள். உன் அத்தை உனக்கு ஒப்பாரி வைத்துவிட்டாள் என்று சொல்வதா? ஊரே உனக்குத் துக்கம் கேட்டது, ஒரு திருடன்தான் உன்னை மீட்டான் என்பதா? இத்தனை வருஷம் கழித்து உன் அப்பாவைப் பார்க்க வந்தேன், இன்றைக்கும் பார்க்கவில்லை என்பதா? ஆசை ஆசையாய்ச் செய்த பிள்ளை.

"பேசு," என்றாள்.

"நான்தான பேசுறேன்? நீ சொல்லும்மா. பாத்தியா இல்லையா?"

"நீ பேசுடா. எதையாவது பேசு. நிறுத்தாமப் பேசு."

அவன் சிரித்தான். கிழவிக்கு அழுகை முட்டிவிட்டது என்று நினைத்திருப்பான். குன்றின்மேல் குளிர் எலும்பைக் கடிப்பதையும், சமையல்காரன் மரவள்ளியைக் கரியாக்கியதையும், அதற்கு இவர்கள் அவனைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டதையும் சொல்ல ஆரம்பித்தான். தோரிகா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, மணல் மூட்டையைச் சுற்றி, உயர்ந்து நின்ற அந்தக் கையைத் தாண்டிப் போனாள். மூச்சு படும் தூரத்தில் நின்று மகனின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். காதில் அவன் பேசிக்கொண்டே இருந்தான். எதிரே அவன் வாய் மூடியே இருந்தது.